பிள்ளையின் பெட்டியில் என்ன வைத்தீர்கள்?

ஜும்ஆ உரை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



போன வாரம் அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது நம் மஹல்லா சகோதரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகனுக்குத் திருச்சியில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. "ஹழ்ரத், வீட்டுக்கு வந்து ஒரு துஆ ஓதிட்டுப் போங்க" என்றார். போனேன். கூடத்தில் இரண்டு சூட்கேஸ், ஒரு பெரிய பை, ஒரு பக்கெட். பக்கெட்டுக்குள் ஊறுகாய், வர்க்கி, தேயிலைத்தூள், நீலகிரித் தைலம். அதன் மேல் நான்கு ஸ்வெட்டர். பையனின் தாயார் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு கேட்டார்: "எதையாவது மறந்துட்டோமா ஹழ்ரத்?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஜூன் மாதம் வந்தால் ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் எத்தனையோ வீடுகளில் இதே பெட்டிதான் கட்டப்படுகிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடுவோம். "எல்லாம் அல்லாஹ் பார்த்துக்குவான், எதுக்கு இவ்வளவு சாமான்?" என்று சிலர் சொல்வார்கள். யமன் நாட்டிலிருந்து சிலர் கையில் ஒன்றும் இல்லாமல் ஹஜ்ஜுக்குக் கிளம்பி வருவார்கள். கேட்டால், நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்பார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். இதைக் கண்டித்துத்தான் சூரா பகராவின் 197வது வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. வழிச்சாமான் எடுத்துக்கொண்டு போங்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை. அதே வசனத்தில், சாமான்களிலேயே சிறந்தது தக்வா என்றும் சொல்கிறான். ஆகவே பெட்டி கட்டுவது இபாதத்துக்கு எதிரானது இல்லை. ஆனால் அறிவோடு கட்ட வேண்டும்.

அந்த நான்கு ஸ்வெட்டரை எடுத்து வெளியே வையுங்கள் என்றுதான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்! நம் மலைப் பிள்ளைகளுக்கு ஃபேன் காற்றில் தூங்கிப் பழக்கம் இல்லை. கொசுவோடு வாழ்ந்த பழக்கமும் இல்லை. திருச்சி, சென்னை வெயிலில் முதல் மாதம் மயங்கி விழுகிற பிள்ளைகள் உண்டு. பருத்திச் சட்டை, இரண்டு கைலி, கொசுவலை, தண்ணீர் பாட்டில் இவைதான் அங்கே தேவை. நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் தூக்கிப் போகிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஏற்கனவே இருக்கிறது. அது நல்ல பழக்கம், தொடரட்டும். தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது மேட்டுப்பாளையம் தாண்டியதும் குளிரும், அதற்கு ஒரே ஒரு ஸ்வெட்டர் போதும்.

துணிக்கு முன்பு கோப்பைக் கட்டுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப் போகிறவர் என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ், இவற்றின் ஒரிஜினலும் ஜெராக்ஸும் தனித்தனியாக. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைக்கு 2022லிருந்து புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைக்கு 2024லிருந்து தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. தோட்டத் தொழிலாளி வீட்டில் அந்த ஆயிரத்தின் அருமை எல்லோருக்கும் தெரியும். ஒரு காகிதம் இல்லை என்று அதை இழந்துவிடக் கூடாது.

தொழுகை விஷயத்தில் பிள்ளைகள் அடிக்கடி போன் செய்து கேட்கிற ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஹழ்ரத், நான் வெளியூர்ல இருக்கேன், ஹாஸ்டல்ல கஸ்ர் செய்யலாமா?" பயண வழியில் கஸ்ர் உண்டு. ஆனால் போய்ச் சேர்ந்த ஊரில் 15 நாளோ அதற்கு மேலோ தங்குவதாக நிய்யத் வைத்தால் ஹனஃபி மத்ஹபில் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபி மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தாலே முழுத் தொழுகைதான். வருடம் முழுக்க ஹாஸ்டலில் இருக்கிறவர் முஸாஃபிர் இல்லை. லீவுக்கு வீட்டுக்கு வந்தாலும் முழுத் தொழுகை, அது அவருடைய சொந்த ஊர். ஒரு முஸல்லாவும் தொப்பியும் பெட்டியின் அடியில் வைக்காமல் மேலே வையுங்கள். முதல் நாள் மக்ரிபுக்குத் தேடாமல் கையில் கிடைக்க வேண்டும்.

இவ்வளவும் கடைத்தெருவில் கிடைக்கிற சாமான். கிடைக்காத சாமான் ஒன்று இருக்கிறது.

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நான் பயணம் போகிறேன், எனக்கு வழிச்சாமான் கொடுங்கள் என்று கேட்டார். நபியவர்கள் பேரீச்சம்பழம் எடுத்துத் தரவில்லை. அல்லாஹ் அவருக்குத் தக்வாவைத் தரட்டும் என்று துஆ செய்தார்கள். அவர் விடவில்லை, இன்னும் வேண்டும் என்றார். அவருடைய பாவம் மன்னிக்கப்படட்டும் என்றார்கள். இன்னும் என்றார். எங்கே இருந்தாலும் நன்மை அவருக்கு எளிதாகட்டும் என்றார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க திர்மிதியில் வருகிறது. அந்த இரண்டாவது துஆவை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கிளம்புகிற மனிதருக்கு, போகிற இடத்தில் தவறே செய்யாதே என்று எச்சரிக்கை செய்யவில்லை. மன்னிப்பையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள்.

முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் 18 வயதில், ஹிஜ்ரி 488ல், ஜீலானிலிருந்து பக்தாதுக்கு ஓதப் போன சம்பவம் சிறு வயதிலிருந்து நாம் கேட்டது. தகப்பனார் விட்டுப்போன 80 தீனாரில் 40ஐ அண்ணன் தம்பிக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்துவிட்டு, மீதி 40ஐ மகனின் சட்டையில் அக்குளுக்குக் கீழே தாயார் தைத்தார்கள். எந்த நிலையிலும் பொய் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கினார்கள். ஹமதான் தாண்டியதும் கொள்ளையர்கள் காஃபிலாவை மறித்தார்கள். உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டவனிடம், நாற்பது தீனார், சட்டையில் தைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தலைவன் சட்டையைக் கிழித்துப் பார்த்தான், இருந்தது. ஏன் உண்மையைச் சொன்னாய் என்று கேட்டான். தாயாருக்குக் கொடுத்த வாக்கு என்றார்கள். அவன் அழுது தவ்பா செய்தான்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லி, பிள்ளைகளே பொய் சொல்லாதீர்கள் என்று முடித்துவிடுவது எங்களைப் போன்ற ஆலிம்களின் வழக்கம். இன்று பெற்றோரைப் பார்த்து ஒன்று கேட்கிறேன். அவர்களால் கொள்ளைக்காரனிடமே உண்மை சொல்ல முடிந்தது. நம் பிள்ளைகளால் நம்மிடம் உண்மை சொல்ல முடிகிறதா?

என் கதையைச் சொல்கிறேன். எனக்குப் பதிமூன்று வயது. வாப்பா டீ பேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. என்னைக் கீழே ஒரு ஊரில் மதரஸாவில் சேர்த்தார்கள். தகரப் பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, மங்கி குல்லா. (அந்தத் தாயாரின் நான்கு ஸ்வெட்டரைப் பார்த்து நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.) ஐம்பது ரூபாய் கொடுத்தார்கள். இரண்டாவது வாரமே அதைத் தொலைத்துவிட்டேன். வாப்பாவிடம் சொல்லப் பயம். பெரிய மாணவர்களிடம் கடன் வாங்கினேன், டீக்கடையில் கடன் வைத்தேன். வீட்டுக்கு மட்டும் தவறாமல் கடிதம் போட்டேன்: நான் நலம்.

நான்கு மாதம் கழித்து வாப்பா பார்க்க வந்தார்கள். டீக்கடைக்காரர் கணக்கைச் சொல்லிவிட்டார். வாப்பா கடனைக் கொடுத்துவிட்டு என்னைப் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "ஐம்பது ரூபா போனா போகட்டும்டா. நாலு மாசமா நலம் நலம்னு எழுதியிருந்தியே, அதுல எது நிஜம், எது பொய்னு இப்ப எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் அடிப்பேன்னுதானே சொல்லல?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வாப்பா அதற்குப் பிறகு பஸ் வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

அடுத்த முறை லீவு முடிந்து கிளம்பும்போது பெட்டியில் ஸ்வெட்டருக்குப் பதிலாகப் பத்து இன்லேண்ட் கடிதம் இருந்தது. எல்லாவற்றிலும் வாப்பாவே தன் கையால் வீட்டு விலாசம் எழுதியிருந்தார்கள். "இதுல நல்ல செய்தி எழுதாத. கெட்ட செய்திக்கு மட்டும் வச்சுக்க" என்றார்கள்.

அந்தத் தாயார் கேட்டதற்கு என் பதில் அதுதான். கெட்ட செய்தி எழுதுகிற கடிதத்தை வைக்க மறந்துவிட்டீர்கள்.

இன்று அரியர் விழுந்ததை மறைக்கிற பிள்ளை இருக்கிறது. போன் ஆப்பில் கடன் வாங்கிவிட்டு வட்டிக்கு மேல் வட்டி கட்டுகிற பிள்ளை இருக்கிறது. சீனியர்களின் கொடுமையைத் தாங்கிக்கொண்டு வாயைத் திறக்காத பிள்ளை இருக்கிறது. 1997லேயே நம் தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. இந்தியா முழுவதற்குமான இலவச உதவி எண் 1800-180-5522. மனம் உடைந்து போகிற பிள்ளைக்கு 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி கிடைக்கிறது. இரண்டையும் பிள்ளையின் போனில் பதிந்து கொடுங்கள். ஆனால் அந்த எண்களுக்கு முன்பு பிள்ளை அழைக்க வேண்டிய எண் உங்களுடையது. அழைத்தால் முதல் வார்த்தையாக என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். "உனக்காக நான் நகையை அடகு வச்சேன்" என்பதுதான் வரும் என்றால் அது அழைக்காது.

நகை என்றதும் ஒரு வீடு ஞாபகம் வருகிறது. ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் அவர்கள் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டுச் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ 1000 ரூபாய் தேவைப்பட்டது. தகப்பனாரிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்காள் ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்கள். சம்பாதித்து அதை மீட்டுத் தருவேன் என்று கலாம் தனக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். அந்த உறுதி அவருடைய மனதிலிருந்து வந்தது. கடன் இருப்பதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள், குடும்பத்தின் நிலை தெரிந்துதான் ஆக வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதும். வாரா வாரம் சொன்னால் அது கழுத்துக் கயிறாகிவிடும்.

பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பலாமா என்று இன்னும் சிலர் தயங்குகிறார்கள். பாதுகாப்பான இடமா, விடுதி எப்படி, கூட யார் என்று விசாரியுங்கள், அது கடமை. விசாரித்த பிறகு கதவை மூடாதீர்கள். பத்தனம்திட்டாவைச் சேர்ந்த மீரா சாஹிப் என்ற தகப்பனார் தன் மகளைத் திருவனந்தபுரத்தில் படிக்க வைத்தார், சட்டம் படி என்று ஊக்கம் கொடுத்தவரும் அவர்தான். அந்த மகள் பாத்திமா பீவி 1989ல் இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியானார். பிறகு நம் தமிழ்நாட்டுக்கே கவர்னராக வந்தார்.

சில தகப்பனார்கள் இப்போது புது வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பிள்ளையின் போனில் லொகேஷன் பார்க்கிறார்கள், இரவு பன்னிரண்டு மணிக்கு வீடியோ கால் போட்டு அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறார்கள். மூஸா (அலை) அவர்களின் தாயாரை நினைத்துப் பாருங்கள். பால்குடிப் பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட தாய். அந்த மனது எப்படித் துடித்தது என்பதை அல்லாஹ்வே சூரா கஸஸில் சொல்கிறான். பிள்ளையின் அக்காளைப் பின்னால் அனுப்பினார்கள். அவர் தூரத்தில் நின்று, யாரும் அறியாமல் கவனித்தார். கண்காணிப்பு இருந்தது, பெட்டியை மறுபடி கரைக்கு இழுக்கவில்லை. பால் தேவைப்பட்ட நேரத்தில் சரியாக முன்னால் வந்து நின்றார். திருச்சியிலோ சென்னையிலோ உங்கள் உறவினர், நம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் அவருடைய எண்ணைப் பிள்ளைக்குக் கொடுங்கள், பிள்ளையின் எண்ணை அவருக்குக் கொடுங்கள். மாதம் ஒரு தடவை ஒரு சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அது போதும்.

வழியனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் பயணம் போகிறவரின் கையைப் பிடிப்பார்கள். அவராகக் கையை எடுக்கும்வரை விட மாட்டார்கள். அவருடைய தீனையும் அமானத்தையும் அமல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்து துஆ செய்வார்கள். பஸ் கிளம்பப் போகிறது, கண்டக்டர் விசில் அடிக்கிறார் என்ற அவசரத்தில் நாம் அந்தக் கையைப் பிடிப்பதே இல்லை. "போய் போன் பண்ணு" என்று சொல்லி இறங்கிவிடுகிறோம்.

இந்த வாரமும் அடுத்த வாரமும் கல்லூரிக்குக் கிளம்புகிற பிள்ளைகள் இருந்தால், தொழுகை முடிந்து பின் சுன்னத் தொழுதுவிட்டு, தகப்பனாரோடு மிம்பருக்குப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் தாயும் தகப்பனும் கையைப் பிடித்து ஓதுங்கள். அந்த துஆவைத் தமிழ் எழுத்தில் அச்சடித்து ஜமாஅத் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் ஈமானையும் உடலையும் மானத்தையும் உன்னிடம் ஒப்படைக்கிறோம். அவர்கள் சொல்கிற உண்மையைத் தாங்குகிற மனதை எங்களுக்குக் கொடு. ஆமீன்.