பின்னால் இறங்குகிறவர்

புளியங்குடியில் எங்கள் எலுமிச்சைத் தோட்டத்துக் கிணறு பாறையை வெடிவைத்துத் தோண்டியது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் மேலேறி நிற்கும்போது பையன்களுக்கு ஒரே விளையாட்டுதான்: முங்கிப்போய் அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருவது. மண் இல்லாமல் மேலே வந்தவன் என்ன சொன்னாலும் நம்பமாட்டோம். மேற்குச் சுவரில், தண்ணீருக்குள் ஓர் ஆள் ஆழத்தில், ஒரு பொந்து இருந்தது. உள்ளே நுழைந்தால் மேலே காற்று நிற்கிற இடம் உண்டு என்று பெரிய பையன்கள் சொல்வார்கள். "அங்க மட்டும் போயிராதீங்கலே" என்றும் அவர்களே சொல்வார்கள்.

பதின்மூன்று வயதில் நான் போனேன்.

தலையை நீட்ட மட்டும் இடம் இருந்தது. கீழே, நான் நுழைந்த வாயிலில் பச்சை வெளிச்சம். மேலே பையன்கள் போட்ட கூச்சல் எதுவும் கேட்கவில்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும். அப்படி ஓர் அமைதியை அதற்குப் பிறகு நான் எங்கும் அடைந்ததில்லை, கோயிலில்கூட. சாகசம் என்ற சொல் அதற்குச் சரிவராது. யாரும் வராத இடத்தில் நான் மட்டும் இருக்கிறேன் என்கிற ஒரு பேராசை அது. இதை மறைத்துவிட்டுக் குகைகளின் ஆபத்தைப் பற்றி எழுதினால் பாதிப் பொய்தான்.

திரும்பலாம் என்று கீழே பார்த்தேன். என் கால் கலக்கிய சகதியில் வெளிச்சம் காணாமல் போயிருந்தது. பாறையைத் தடவினேன். எந்தப் பக்கமும் பாறை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கை என் காலைப் பிடித்து இழுத்தது. சித்தப்பா. மேலே வந்து படிக்கல்லில் உட்கார்ந்தவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவர் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலில் மூழ்குகிறவருக்கு மேலே போனால் காற்று. குகைக்குள் மேலேயும் பாறைதான். அதனால்தான் குகைமூழ்கிகள் வாயிலிலிருந்தே ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மிச்சம் எதிர்பாராததற்கு. இந்த விதிகளை விபத்துகளிலிருந்தே தொகுத்து எழுதிய அமெரிக்கர் ஷெக் எக்ஸ்லி, 1994இல் மெக்சிகோவின் சகாட்டோன் நீர்க்குழியில் இறந்தார். தெரியாதவர்கள்தான் சாகிறார்கள் என்று சொல்லிவிட முடியவில்லை.

இவர்கள் தரப்பு வாதம் எளிமையானது: என் உயிர், என் விருப்பம். நான் அதை ரொம்ப நாள் ஏற்றுக்கொண்டிருந்தேன். சித்தப்பாவின் முழங்கை நினைவுக்கு வரும்போதுதான் இடறும்.

தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோலில் 1994இல் டியோன் டிரெயர் என்ற 20 வயது இளைஞன் மூழ்கி இறந்தான். பத்து வருடம் கழித்து டேவ் ஷா என்ற ஆஸ்திரேலிய விமானி, சுமார் 270 மீட்டர் ஆழத்தில் அந்த உடலைக் கண்டார். மேலே கொண்டுவருவதற்காக 2005 ஜனவரி 8 அன்று மறுபடி இறங்கினார். விளக்கின் கம்பி கயிற்றில் சிக்கியது. மூச்சு வாங்கி, அங்கேயே இறந்தார். சில நாளில் உபகரணங்களை மேலே இழுத்தபோது இரண்டு உடல்களும் சேர்ந்து வந்தன. ஒரு பிணத்துக்காக ஓர் உயிர். முட்டாள்தனம் என்று என் அறிவு சொல்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நம் பக்கத்தில் இது வேறு உருவத்தில் நடக்கிறது. பாழுங்கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவர் மயங்கி விழுவார். தூக்கப்போன தம்பி விழுவார், அடுத்து மச்சான். அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் ஒன்று 1986இலேயே எச்சரித்தது. ஆனால் தொட்டிக்குள் இறங்குகிறவர் அமைதி தேடி இறங்குவதில்லை. அவரையும் என்னையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கொடைக்கானல் குணா குகையில் 2006இல் சுபாஷ் விழுந்தபோது கயிற்றில் இறங்கியவர் நண்பர் சிஜு டேவிட். 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபின் அந்த இடத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. படம் பார்த்த நம் ஆட்களுக்குக் குழிதான் பிடித்துப்போயிருக்கிறது, என்ன செய்ய.

அப்படியானால் யாருமே இறங்காமல் இருப்பதுதான் அறமா? தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23 அன்று 12 பையன்களும் பயிற்சியாளரும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படையின் சிறப்பு வீரர்கள் வந்தார்கள். ஆனால் ஜூலை 2 அன்று பையன்களைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு ஆங்கிலேயர்கள்: ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ரிக் ஸ்டாண்டன், கணினித் துறையைச் சேர்ந்த ஜான் வோலாந்தன். வார இறுதிகளில் குகைக்குள் மூழ்குவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. எந்தப் பிரயோசனமும் இல்லாத அந்தக் கிறுக்கு இல்லாவிட்டால் 13 பேரும் வெளியே வந்திருப்பார்களா? காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் சமன் குனன் இறந்தார். அடுத்த வருடம் இன்னொரு கடற்படை வீரர், அங்கே பற்றிய ரத்தத்தொற்றில் இறந்தார். இதை எந்தக் கணக்கில் கூட்டிக் கழிப்பது?

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். கிணற்றின் மேல் கம்பிவலை போட்டிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. "அந்தச் சகதியில எப்படி சித்தப்பா நேரா எங்கிட்ட வந்தீங்க?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுல நானும் போவேம்லா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள பச்சையா ஒரு வெளிச்சம் தெரியுமே, பாத்தியா?" என்றார்.