வாடையில் மிதிப்பது

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்கிற அன்று நான் சைக்கிளை எடுப்பதில்லை. கோடை முழுக்கப் புதுச்சேரி உப்பளம் அம்பேத்கர் சாலையில் சொட்டிக் கிடந்த டீசலும் ஆயிலும் தூசியோடு குழைந்து அன்றைக்குத்தான் மேலே வரும். வளைவில் லேசாகச் சாய்ந்தாலே டயர் வழுக்கும். இரண்டு மூன்று மழை அடித்துக் கழுவிவிட்டால் சாலைக்குப் பிடிமானம் திரும்பிவிடும். அதன் பிறகும் வெள்ளைக் கோடு, வேகத்தடையில் அடித்த மஞ்சள் பெயிண்ட், சாக்கடையின் இரும்பு மூடி, இவற்றை ஈரத்தில் நம்பக் கூடாது. பிரேக்கைத் தொடாமல், ஹேண்டில்பாரை நேராகப் பிடித்துக் கடந்துவிட வேண்டும்.

பிரேக் கட்டையும் ஈரத்தில் வேறு குணம் காட்டும். நம் ஊர்ப் பெரிய சைக்கிள்களின் குரோம் பூசிய இரும்பு ரிம்மில் தண்ணீர் படிந்தால் கட்டை பிடிக்கவே பிடிக்காது. அலுமினிய ரிம் பரவாயில்லை. எதுவானாலும் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை மெதுவாக ஒட்டவைத்து ரிம்மின் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே போவது நல்லது.

*

குளிர் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் பெரிதாக ஒன்றுமில்லை. ஜனவரி விடியலில்கூட இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பனிக்குல்லாய் போட்டவரும் ரயில் நிலையம் தாண்டுவதற்குள் கழற்றிவிடுவார். பின்லாந்தில் ஊலு என்று ஒரு நகரம். குளிர்காலச் சைக்கிள் மாநாடு 2013இல் முதன்முதலாகக் கூடியது அங்கேதான். உறைபனிக்குப் பல டிகிரி கீழேயும் அங்கே பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். நகராட்சி சைக்கிள் பாதையின் பனியைக் காலையிலேயே வாரிவிடுகிறது என்பதே அதற்குப் பெரிய காரணம். ஓட்டுகிறவரின் மனவலிமையை மட்டும் புகழ்ந்துவிட்டுப் பாதையை மறந்துவிடுகிறோம். எங்களுக்கு அந்த உறைபனி கிடையாது. தண்ணீர், உப்பு, காற்று, இருட்டு, இந்த நான்கும்தான் எங்கள் குளிர்காலம்.

*

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன். கடல் இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் மழையே பெய்யாவிட்டாலும் சைக்கிள் நனையும். காற்றில் வரும் உப்புத்தூள் செயினிலும் கம்பிகளிலும் படிகிறது. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். இங்கே கார்த்திகை, மார்கழி விடியலில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான் நிற்கும். இரவெல்லாம் வீட்டுக்குள் நின்ற சைக்கிளின் செயின் காலையில் காவி பூத்திருப்பது இதனால்தான்.

பலர் உடனே ஆயிலை ஊற்றுகிறார்கள். உப்பு அடியில் மாட்டிக்கொண்டு அரிப்பு தொடர்கிறது. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் செயினைத் துடைக்க வேண்டும். அடுத்து உலர்ந்த துணி. பழைய பல்துலக்கியில் மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொரு கண்ணியின் இடுக்கையும் தேய்த்தால் கறுப்புப் பசை இறங்கும். அது காய்ந்த பிறகு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, ரோலருக்கு ஒரு சொட்டு வீதம் தையல் மெஷின் ஆயில். சற்று நேரம் ஊறவிட்டு வெளியே தெரிகிற ஆயிலை முழுவதும் துடைத்துவிட வேண்டும். வேலை செய்கிற ஆயில் உள்ளே இருக்கிறது. வெளியே மினுக்குவது மணலைத்தான் பிடித்துவைக்கும். திண்ணையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து, விரல் நுனியில் கண்ணி கண்ணியாகச் செயின் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் மனம் வேறெங்கும் போவதில்லை. நான் செய்யும் தியானம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

முழுச் செயின் கவரும் அகலமான மட்கார்டும் வைத்த பழைய சைக்கிள்கள் இந்த மாதங்களில் விலை உயர்ந்த கியர் சைக்கிள்களைவிட நிம்மதியாக இருக்கின்றன. எடை அதிகம், உண்மை. ஆனால் அவற்றைச் செய்தவர்களுக்கு மழை என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

*

மார்கழி பாதி கடந்தால் புயல் பயம் போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30 விடியலில். அதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பு, 1761 புத்தாண்டு அன்று, ஊரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் கப்பல்களில் சிலவற்றை ஒரு புயல் மூழ்கடித்தது, சிலவற்றைக் கரையில் ஏற்றியது. அந்த மாதமே புதுச்சேரி அவர்கள் கைக்குப் போனது வேறு கதை.

2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் பல மணி நேரம் நின்றது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மழை விட்டால் ஆபத்து விட்டது என்றும் இருக்க முடியவில்லை. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி அதற்குப் பிறகுதான் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வந்தது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு வம்பாகீரப்பாளையத்து மீனவர்கள் கடலைச் சவாலாக எடுத்துக்கொள்வதில்லை. படகைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டு வலையைப் பழுது பார்க்க உட்கார்கிறார்கள். சைக்கிள்காரருக்கும் அந்த அடக்கம் வேண்டும். நாலு நாள் ஓட்டாமல் இருந்தால் கால் மறந்துவிடாது.

அடி தெரியாத தண்ணீரில் மிதிக்கவே கூடாது. வாய்க்கால் மேல் போட்ட சிலாப் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று மேலே நின்று சொல்ல முடியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அதைவிடத் திரும்பிவிடலாம். தண்ணீர் சக்கரத்தின் அச்சுக்கு மேல் ஏறியிருந்தால் ஹப்பைப் பிரித்து, பால்ஸைக் கழுவி, புது கிரீஸ் வைத்த பிறகே ஓட்ட வேண்டும்.

*

வாடைக்காற்று எழுந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே காலாப்பட்டு நோக்கிப் போவது முழுக்க எதிர்காற்று. மணிக்கு இருபது கிலோமீட்டரில் போகிறவர்மேல் பதினைந்து கிலோமீட்டர் காற்று எதிரே வீசினால், காற்றின் தடை ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். தடை வேகத்தின் இருமடியாகப் பெருகுவது இயற்கையின் கணக்கு. தொடையின் பலம் அதில் செல்லாது. கியரை இறக்கி, தலையைத் தாழ்த்தி, மூச்சு சீராகப் போகும் அளவுக்கு மட்டும் மிதிக்க வேண்டும். முழுதாக ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பேன். முடிந்தால் வேகம் சரி.

போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. இந்த வரிசையை மாற்றவே கூடாது. களைத்த உடம்பை வீடு சேர்க்க வாடையே முதுகில் கைவைத்துத் தள்ளும்.

மெதுவாகப் போகிறவருக்குக் கிடைப்பவை உண்டு. வில்லியனூர் சாலையில் ஊசுட்டேரிக் கரை வரை போனால் நாமக்கோழிகளும் வலசை வந்த வாத்துகளும் தண்ணீரில் கறுப்புக் கறுப்பாக அசையும். அங்கே காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும்போது வியர்வை ஆறி உடம்பு சிலிர்க்கும். அதற்காக ஒரு சட்டை பையில் கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் குளிருக்கான ஏற்பாடு.

*

இருட்டு. நவம்பர் கடைசியில் மாலை 5.40ஐ ஒட்டியே சூரியன் விழுந்துவிடுகிறது. மார்கழி முடிந்தால் காலை சீக்கிரம் வெளுக்கும் என்று தோன்றும். ஆனால் சூரியன் எழுவது ஜனவரி பிற்பகுதி வரை தள்ளிக்கொண்டேதான் போகும். தை பிறந்தும் ஆறு மணிக்குச் சாலை கருக்கலாகவே இருக்கிறது. மேலே பனிமூட்டம், கண்ணாடியில் ஈரம், எதிரே வரும் பைக்கின் விளக்கு அதில் சிதறி மொத்தப் பார்வையையும் மறைக்கும்.

அந்த நேரத்தில் தெருவில் கோலம் போடும் பெண்கள் குனிந்த முதுகோடு சாலை ஓரத்தில் இருக்கிறார்கள். கோலத்தைச் சுற்றிப் போக வேண்டும், பெல்லை ஒருமுறை அடித்து, நன்றாக விலகி. எனக்கு முன்பே அங்கே சைக்கிளில் இருப்பவர்கள் பேப்பர் போடும் பையன்கள், பால் கேன் மாட்டியவர்கள், மீன் வாங்கப் போகிறவர்கள், இரவுக் காவல் முடிந்து திரும்பும் பெரியவர்கள். விருப்பத்துக்காக ஓட்டும் என்னிடம் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, ஒளி எதிரொளிக்கும் மேல்சட்டை எல்லாம் இருக்கின்றன. பிழைப்புக்காக ஓட்டும் அவர்களில் பலருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. மட்கார்டில் ஒட்டியிருந்த சிவப்பு வில்லையும் உடைந்து, திருகாணி மட்டும் நிற்கிறது. காரில் வருகிறவருக்கு அவர்கள் கடைசி நொடியில்தான் தெரிவார்கள். இந்தப் பருவத்தைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே கவலை இதுதான்.

உங்கள் வீட்டுக்கு விடியலில் யார் சைக்கிளில் வருகிறார்கள் என்று பாருங்கள். பின்னால் சிவப்பு விளக்கு இல்லையென்றால் ஒன்று வாங்கி, நீங்களே நின்று மாட்டிக் கொடுங்கள். பெரிய செலவில்லை. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.