கால் ஊன்றக் கூடாத இடம்

மெரினாவில் கால் நனைத்து வளர்ந்தவர்களுக்கு அலையைப் பற்றித் திடமான ஓர் எண்ணம் உண்டு: அலை வரும், போகும். மலையாற்றில் அந்த எண்ணம் செல்லாது. கடலில் அலைதான் நகர்கிறது. நீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. ரிஷிகேஷுக்கு மேலே கங்கையில் இது தலைகீழ். நீர் தெறித்து ஓடுகிறது, அலை ஒரே இடத்தில் நிற்கிறது. அடியில் கிடக்கும் பாறை அதை அங்கேயே பிடித்து வைத்திருக்கிறது. நீர்மட்டம் மாறாதவரை, காலையில் ஒருவர் முகத்தில் அறைந்த அதே அலை மாலையில் வருகிறவர் முகத்திலும் அறையும்.

அலைகள் இடம் மாறாததால்தான் அவற்றுக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், த்ரீ பிளைண்ட் மைஸ், ரிட்டர்ன் டு செண்டர். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கூடி, கங்கை என்று பெயர் பெற்று இறங்கி வரும் ஆற்றில் கோல்ஃப் மைதானமா என்று எனக்கும் முதலில் முகம் சுளித்தது. பிறகு நினைத்துக்கொண்டேன், வைசூரியையே அம்மை என்று அழைத்தவர்கள்தானே நாம்.

இந்த அலைகளைக் கடக்கும் ரப்பர் படகின் உள்ளே யாரும் உட்காருவதில்லை. காற்றடைத்த விளிம்பின் மேல் ஒரு தொடையை ஏற்றி உட்கார்ந்து, பாதத்தை உள்ளே இடுக்கில் செருகிக்கொள்ள வேண்டும். பின்னால் கைடு. தூரத்தில் இரைச்சல் கேட்கத் தொடங்கும்போதே அவர் பேச்சை நிறுத்திவிட்டு நீர்ப்பரப்பைப் பார்க்கிறார். இருபுறக் கோடுகளும் குவிந்து, கூர்முனை ஓட்டத்தின் திசையைக் காட்டினால் அது வழி. முனை நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் அங்கே பாறை இருக்கிறது. பாறையின் பின்புறம் நீர் சுழன்று, வந்த திசைக்கே திரும்பும். அந்தச் சின்ன ஒதுக்கத்தில் படகை நிறுத்தி மூச்சு வாங்கலாம். அவ்வளவு ஆர்ப்பாட்டமான ஆற்றிலும் இப்படிப்பட்ட ஒதுக்கங்கள் வழி நெடுக இருக்கின்றன. பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அவை கண்ணில் படும்.

மலையாறு, மிதவை என்றாலே தமிழனுக்குப் புறநானூற்றின் 192-ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. அதன் முதல் வரியை மேடைக்கு மேடை முழங்குகிறோம். பின்னால் வரும் தெப்பத்தை வசதியாக மறந்துவிடுகிறோம். பேராறு இழுக்கும் போக்கில் தெப்பம் போவதுபோல உயிரும் போகும் என்பது கணியன் பூங்குன்றனாரின் கட்சி. அந்தத் தெப்பத்தில் துடுப்பு இருந்ததா என்று பாட்டில் இல்லை. எனக்கு அந்தத் துடுப்புதான் முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால், பயம் உச்சத்துக்குப் போகும் நொடியில் கைடு ‘ஃபார்வர்ட்!’ என்று கத்துகிறார். கையும் மனசும் கேட்பது வேறு: துடுப்பைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பற்றிக்கொள், குனிந்துகொள். ஆனால் நீரின் வேகத்திலேயே மிதந்து போகும் படகு சொன்ன பேச்சைக் கேட்காது. நீரைவிடக் கொஞ்சமாவது வேகம் கூடினால்தான் அது திரும்பும், அலையை நேருக்கு நேர் மோதி ஏறும். பக்கவாட்டில் மாட்டினால் கவிழ்ந்துவிடும். துடுப்பால் ஆற்றை நிறுத்த முடியாது, படகை மேலே திருப்பிக்கொண்டு போகவும் முடியாது. சில அடி இடப்புறமோ வலப்புறமோ நகரலாம், அதுவும் பாய்ச்சலுக்குள், அதாவது அலைகள் கொந்தளிக்கும் இடத்துக்குள், நுழைவதற்கு முன்பே. உள்ளே போன பிறகு யோசித்துப் பயனில்லை. ஊழா முயற்சியா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்தச் சில அடிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. நம் கையில் இருப்பது எப்போதும் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது குறைவு என்று சொல்ல மாட்டேன்.

தவறி விழுந்துவிட்டாலோ, பாடம் அப்படியே மாறிவிடுகிறது. மல்லாந்து படு, பாதங்களை நீருக்கு மேலே தூக்கி ஓட்டத்தின் திசையில் நீட்டு, எக்காரணம் கொண்டும் ஓடும் நீரில் எழுந்து நிற்காதே. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று ஊன்றிய கால் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கினால், பின்னால் வரும் நீர் ஆளை முகம் குப்புறத் தள்ளி அழுத்திவிடும். நீந்தத் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட் போட்டவரும் இப்படி இறக்கிறார்கள். சொந்தக் காலில் நில் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட நமக்கு இது சுலபமாக ஏறாது. நண்பர் ஒருவர் வேலை போன மறுவாரமே வட்டிக்கு வாங்கிக் கடை போட்டார். ஊர் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டுமே! கடையை மூடிய பிறகும் கடன் மட்டும் நின்றது. நான்கு மாதம் சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் சோறு இருந்தது. அப்படிச் சும்மா இருப்பதை நாம் சோம்பேறித்தனம் என்போம். மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் உள்ள வித்தியாசம் கரையில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை.

படகையே இறக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். பாய்ச்சல்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். இதே கங்கையில் கௌடியாலா என்ற இடத்துக்குக் கீழே இருக்கும் ‘தி வால்’ என்ற பாய்ச்சல் நான்கையும் தாண்டியது; அதன் முன்னால் கரையேறி, நடந்து கடப்பவர்கள் உண்டு. 1953-இல் எவரெஸ்ட் உச்சியில் நின்ற எட்மண்ட் ஹில்லரி, 1977-இல் கங்காசாகரிலிருந்து ஜெட் படகுகளில் இதே ஆற்றை எதிர்த்து ஏறி வந்தார். நந்தப்பிரயாகை அருகே அருவி ஒன்று குறுக்கிட்டது. படகுகள் அதோடு நின்றன, குழு தரைவழியே மேலே போனது. அதை யாரும் தோல்வி என்று எழுதி வைக்கவில்லை.

மழைக்காலத்தில், ஜூலையிலும் ஆகஸ்டிலும், ரிஷிகேஷில் ராஃப்டிங் கிடையாது. பிறகு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏறுமுன் கரையில் கைடு பேசும்போது செல்ஃபி எடுப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். துடுப்பின் மேல்முனைப் பிடியை ஒரு கையால் மூடியே வைத்திருங்கள். பக்கத்தில் இருப்பவரின் பல்லுக்குப் பாறையைவிட அந்தப் பிடிதான் பெரிய எதிரி.