மாக்கோழியும் மேசை விளையாட்டும்

பருவமழை வெளிக்கதவை அடைத்துவிடும் நாட்களில், உதகையில் நம் இளைஞர் நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்து கதை விளையாட்டு ஆடுகின்றனர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் வீரராகவோ மாயாவியாகவோ வேடம் பூண்டு, தாம் செய்வதைச் சொல்வர். விளைவைப் பகடை தீர்க்கும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு மூலம்.

சொல்லால் மட்டும் கொல்வது ஹிம்சையாகுமா? யசோதரன் பலியிட்டதும் மாவால் செய்த கோழியையே. ஆயினும் அவன் மயிலாகவும், அன்னை சந்திரமதி நாயாகவும் பிறந்து, மேலும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். மாவில் உயிரில்லை, சங்கல்பத்தில் கொலை இருந்தது. எனினும் இவ்விளைஞரை அவனோடு ஒப்பிடுதல் மிகை. அவன் பலியின் பயனை விரும்பினான். இவர்கள் கதையென்று அறிந்தே ஆடுகின்றனர். அக்காவியத்தைப் படிக்கும் நாமும் அவ்வாள்வீச்சை மனத்தில் காண்கிறோமன்றோ!

நம்மை உறுத்துவது வேறு. அவ்விளையாட்டின் மூல விதிகளில், வீழ்த்திய உயிருக்கும் கவர்ந்த செல்வத்துக்கும் புள்ளி உண்டு. கொலையும் பொருட்பற்றும் அங்கே உயர்வுக்குப் படிகள். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் பின்னிரண்டும் இவ்வழியே மனத்துள் நுழைகின்றன. ஆனால் விளையாட்டு விதிகள் மனிதர் வகுத்தவையே. ஸ்னூக்கரின் விதிகள் 1880களில் இதே உதகையின் கிளப்பில் எழுதப்பட்டவைதாமே! கதை நடத்துபவர் எதிர்ப்படும் விலங்கைப் பேச வைக்கலாம். கொல்லாது கடந்தவருக்குப் புள்ளி தரலாம். அத்தகைய மேசையில் பெற்றோரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமரலாம்.