தீர விசாரிப்பதே மெய்

நேர்மையாளர் என்பவர் யார்? தம் கண்ணுக்குப் பட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்பவர் என்று எளிதாக விடை கூறிவிடுகிறோம். அவ்விடை போதுமானதுதானா என்பதைக் காஞ்சிபுரத்துப் பட்டை முன்வைத்துச் சற்றே சிந்திப்போம்.

2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டு, இன்று கணினித் திரையின் வழியாகவும் விற்பனையாகிறது. பிள்ளையார்பாளையத்தில் நெய்த ஒரு சேலையைக் கடல் கடந்து வாழும் ஒருவர் திரையில் கண்டு, விரும்பிப் பணம் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொதியைப் பிரித்தால், அரக்கு என்று நம்பியது வேறொரு சிவப்பாகத் தெரிகிறது. 'ஏமாற்றிவிட்டார்கள்' என்கிறார். சேலை திரும்பி வருகிறது. பல நாள் தறியில் உழைத்த நெசவாளரின் நாணயத்தின்மேல் ஐயம் படிகிறது. இங்கே பொய் சொன்னவர் யார்? சாயமிட்டவர் கேட்ட நிறத்தையே இட்டார். படம் அனுப்பியவர் தம் திரையில் கண்டதையே அனுப்பினார். வாங்கியவரும் தம் திரையில் கண்டதையே நம்பினார். மூவரும் நேர்மையாளரே, ஆயினும் உண்மை நடுவழியில் தொலைந்துபோயிற்று.

கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்தே எல்லா நிறங்களையும் காட்டுகிறது. அக்கலவை திரைக்குத் திரை வேறுபடும். ஒரே திரையிலும் நாளடைவில் மாறும். எனவே நிறத்தைத் துல்லியமாகக் காண விரும்புவோர் திரையை அளவுத்திருத்தம் செய்கின்றனர். திரையை ஏற்றியவுடன் அவர்கள் அளப்பதில்லை. அரைமணி நேரமேனும் காத்திருப்பர். பழைய படக்குழாய்த் திரைகளில் இது இன்றியமையாதது. உள்ளுறுப்புகள் சூடேறி நிலைப்படும்வரை நிறமும் நிலைப்படாது. பின்னர், திரையின் வெண்மையைப் பகல் வெளிச்சத்தை ஒத்த 6500 கெல்வின் அளவுக்கு அமைத்து, நிறமானி என்னும் சிறு கருவியைத் திரைமேல் பொருத்துவர். காட்ட வேண்டிய நிறத்தையும் காட்டும் நிறத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு திருத்தப்படும். சில வாரங்கள் சென்றபின் இவ்வேலையை மறுபடியும் செய்ய வேண்டும்.

கண்ணாலேயே பார்த்துத் திருத்தினால் என்ன? கண் சூழலுக்குப் பழகிவிடும் என்பதே தடை. மஞ்சள் விளக்கின்கீழ்ச் சிறிது நேரம் அமர்ந்தால், மஞ்சளேறிய தாளும் வெண்மையாகவே தோன்றும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசின் கோப்லன் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த வேதியியல் அறிஞர் செவ்ரேலிடம், கருப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்ற முறையீடு வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையே இல்லை. அருகில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே கருப்பை மங்கலாகக் காட்டின. அக்கண்டுபிடிப்பை விரித்து 1839-இல் அவர் ஒரு பெரும் நூல் எழுதினார். அவர் சாயத்தை ஆராயாமல் விட்டிருந்தால், குற்றமற்ற சாயக்காரர்களே பழி சுமந்திருப்பர்.

மனிதரைக் குறித்து நாம் சொல்லும் சொற்களும் இத்தகையனவே. நாம் பிறந்த வீடும், வளர்ந்த தெருவும், சாதியும் நம் பார்வையில் ஒரு சாயலை ஏற்றிவிடுகின்றன. அச்சாயலுக்கு நாம் பழகிவிட்டதால், அதையே வெண்மை என்று கொள்கிறோம். 'கண்டதைத்தான் சொன்னேன்' என்று ஒருவர் உள்ளன்போடு சொல்லலாம். ஆனால் கண்ட கண்ணைச் சோதித்துப் பார்க்கும் கடமை அவருக்கு உண்டு. அச்சோதனைக்குத் தம் கண்ணையன்றி வேறோர் அளவுகோல் வேண்டும்: நம்மோடு உடன்படாத நண்பரின் சொல், குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கம், முதல் சினம் தணியும்வரை காத்திருக்கும் பொறுமை. சாயத் தொட்டியிலிருந்து எடுத்த ஈர நூல் அடர்ந்து தெரியும். உலர்ந்த பின்னரே அதன் உண்மையான நிறம் விளங்கும்.

அப்படியாயின் எதையும் தீர்மானியாமல் இருந்துவிடலாமா? கூடாது. நிறம் தேறாமல் நெசவாளர் பாவு பூட்ட முடியாது. அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்பது பொறுமையாகாது. திரையைத் திருத்துவதே அதில் பார்ப்பதற்காகத்தான். படத்தை வேண்டுமென்றே மெருகேற்றி விற்பவருக்கோ, திரையின்மேல் பழிபோட்டுத் தப்ப வழியில்லை. அது வெறும் பொய்.

நன்கு திருத்திய திரைக்கும் ஓர் எல்லை உண்டு. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் கொடுத்து நெய்யும் மயில்கழுத்து, உடுத்தியவர் அசையும்தோறும் மாறும். அசையாத படம் அதன் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். அதை முன்னதாகவே வாங்குபவருக்குச் சொல்லிவிடும் வணிகரே முழு நேர்மையாளர். ஒருவரைப் பற்றிப் பேசும்போது நாமும் அவ்வாறே, 'நான் கண்டது இவ்வளவே' என்று சேர்த்துச் சொல்லப் பழகுவோம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னது, நம் சொல்லால் வேறொருவர் வாழ்வு கறைபடாமல் இருப்பதற்காகவே.