வருகையும் அன்பும்

ஒரு தேயத்தில் இறைவழிபாட்டிற்குக் கூடுவோர் தொகை குறையுமாயின், ஆண்டு இறையன்பும் குறைந்ததென்று துணியலாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. இங்கிலாந்தின் இக்கால நிலையை நோக்குவார்க்கு இவ்வினா இயல்பாகவே எழும். அந்நாட்டிலும் வேல்ஸிலும் எடுக்கப்பட்ட குடிமதிப்பில் தம்மைக் கிறித்தவர் என்று குறித்தோர் 2001ஆம் ஆண்டில் நூற்றுக்கு 71.7 ஆயினர், 2011இல் 59.3 ஆயினர், 2021இல் 46.2 ஆயினர். அவ்வாண்டில் எச்சமயமும் இல்லை என்றோர் 37.2, இசுலாமியர் 6.5, இந்துக்கள் 1.7. தேவாலயங்களுக்கு வாரந்தோறும் செல்வோர் தொகையும் பல்லாண்டுகளாகச் சுருங்கி வருகின்றது. முடிபுனைந்தோரே இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவராதலும், அதன் அத்தியட்சர் 26 பேர்க்குப் பிரபுக்கள் சபையில் இடமுண்மையும் இச்சுருக்கத்தைத் தடுத்தில.

இதற்கு வருந்துவோர், 'முன்னோர் யாவரும் தொழுதனர். பின்னோர் அன்பிலராயினர்' என்பர். முன்னோர் யாவரும் தொழுதனர் என்றல் பொருந்தாது. 1851 மார்ச்சு 30ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வழிபாட்டிற்கு வந்தோரை எண்ணியபொழுதே, வரக்கூடியவருள் பல இலக்கம் பேர் வந்திலர் என்பது வெளியாயிற்று. அன்றியும், அவர் கூற்றில் வருகை ஏதுவாகவும் அன்பு அதனாற் சாதிக்கப்படுவதாகவும் நின்றன. புகையுள்வழி நெருப்பு உண்மைபோல, வருகையுள்வழி அன்பும் தவறாது உளதாயினன்றோ அவ்வேது செல்லும்? 1559ஆம் ஆண்டுச் சட்டம், ஞாயிறுதோறும் தேவாலயத்திற்கு வாராதார்க்குப் 12 பென்சு தண்டம் விதித்தது. தண்டத்திற்கு அஞ்சி வந்தானும், ஊர்ப்பழிக்கு நாணி வந்தானும், உள்ளம் உருகி வந்தானும் ஒரே பலகையில் அமர்ந்தனர். தலையெண்ணுவார்க்கு மூவரும் ஒருதன்மையரே. ஆகலான் அவ்வேது அநைகாந்திகமாம் என்க.

அஃதேல், வருகையாற் பயனின்றோ எனின், அற்றன்று. வேலி பயிராகாது, ஆயினும் வேலியில்லா இளம்பயிரை ஆடு மேயும். தாயின் கைபற்றிச் செல்லும் மகவு அன்பினை அறிந்து செல்வதன்று. செல்லுதலாற் பின்னர் அறிவது. தந்தையும் பாட்டனும் செல்லாதொழிந்த மனையிற் பிறந்தானோ, சமயத்தை ஆய்ந்து மறுத்தவன் அல்லன்; அதனை அறியவே பெறாதவன். கொள்ளுதலும் தள்ளுதலும் ஆகிய இரண்டுரிமையும் அவற்கு இல்லையாயின. வருந்தத்தக்க இழவு இதுவே. இருக்கைகள் வெறுமையாதல் அன்று.

இனி, சமயங்கள் பலவாதல் அன்பிற்குப் பகையோ எனின், அன்று. இலண்டன் மாநகரில் பிரிக் லேன் என்னும் தெருவில் ஒரு கட்டடம் உளது. பிரஞ்சு நாட்டில் தம் வழிபாடு 1685இல் விலக்கப்பட்டமையால் வெளியேறினாரின் வழித்தோன்றல்கள் அதனை 1743இல் கட்டினர். பின்னர் அது மெதடிஸ்துகளின் ஆலயமாய், 1898இல் யூதரின் செபக்கூடமாய், 1976இல் இசுலாமியரின் பள்ளிவாசலாயிற்று. தொழுவார் மாறினர், தொழுகை ஒழிந்திலது. ஏவுவார் இன்றியும் வேற்றுச் சமயத்தான் ஒருவன் தன் ஆலயம் நோக்கி நடத்தலைக் காண்பான், 'யான் எதன்பொருட்டுச் செல்கின்றேன்? எதன்பொருட்டுச் செல்லாதிருக்கின்றேன்?' என்று தன்னை வினவுவன். இவ்வினாவைத் தண்டம் எழுப்பியதில்லை.

ஆகவே, எச்சமயத்துப் பெரியோர்க்கும் உரிய கடமை, வந்தோரை எண்ணி மகிழ்தலும் வாராதாரை எண்ணி வெகுளுதலும் அல்ல. வந்தார் எதன்பொருட்டு வந்தனர் என்பதை அவரே உணரச்செய்தலும், தம் மனைச்சிறார்க்கு வழிபாட்டின் பொருளை அன்போடு அறிவுறுத்தலுமேயாம். அறிந்தபின் அவர் வருதலும் வாராமையும் அவர்தம் உள்ளத்திற்கு உரியன.