நிஜாமும் இறைக்காதலும்

ஒரு மானிடப் பெண்ணை எண்ணிப் பாடிய காதற்பாட்டு இறைவனைப் பற்றியதாகவும் இருக்க முடியுமா, முடியுமெனில் அப்பெண் அதில் வெறும் சாக்குத்தானா என்னும் வினா, இஸ்லாமிய ஞான மரபில் இப்னு அரபியின் 'தர்ஜுமானுல் அஷ்வாக்' என்ற நூலைச் சுற்றிக் கூர்மையாக எழுந்தது. 'ஏக்கங்களை மொழிபெயர்ப்பவன்' எனப் பொருள்படும் பெயர்கொண்ட, 61 பாடல்கள் அடங்கிய அந்நூலின் தலைவி கற்பனைப் பாத்திரம் அல்லர். 1165இல் அந்தலூசியாவின் முர்சியா நகரில் பிறந்த இப்னு அரபி 1202ஆம் ஆண்டில் மக்காவை அடைந்தபோது, அங்குக் குடியிருந்த இஸ்ஃபஹான் அறிஞர் அபூ ஷுஜாவிடம் திர்மிதியின் ஹதீஸ் தொகுப்பை, அதாவது நபிமொழித் தொகுப்பைப் பாடம் கேட்டார். அவ்வறிஞரின் மகளே நிஜாம். அவருடைய அத்தையும் ஹதீஸ் கற்றுத் தேர்ந்த மூதாட்டி. கல்வி புழங்கிய அவ்வீட்டுப் பெண்ணின் அழகைப் புகழும் நூல் முன்னுரை, அவரது சொல்வன்மையையும் பற்றற்ற வாழ்வையும் அதற்குக் குறையாமல் புகழ்கிறது.

நூலில் வரும் எந்தப் பெண்ணின் பெயரும் நிஜாமையே குறிக்கும், எந்த இல்லத்தை நினைத்துப் புலம்பினாலும் அது அவரது இல்லமே என்று கூறும் அம்முன்னுரை, பாடல்கள் யாவும் உள்ளத்தில் இறங்கும் இறைவெளிப்பாடுகளையே சுட்டுகின்றன என்றும் உடனே சேர்த்துச் சொல்கிறது. காதலியின் குலத்தார் கூடாரம் பெயர்த்துச் சென்றபின் எஞ்சிய தடங்களைக் கண்டு கவிஞன் புலம்பும் பகுதியைப் பழைய அரபுச் செய்யுளில் 'நஸீப்' என்பர். அம்மரபுக்குள் நின்றே இப்னு அரபி பாடியதால், அலெப்போ நகரத்துச் சட்ட அறிஞர் சிலர், சிற்றின்பத்தைப் பாடிவிட்டு அதற்கு ஞானப் போர்வை போர்த்துகிறார் என்று பழித்தனர். இதைக் கேள்வியுற்ற சீடர் இருவரின் வேண்டுகோளுக்கு இணங்க அவரே உரை எழுதினார். அதில் மின்னல், இறைமை வெளிப்படும் இடம் என விளக்கம் பெறுகிறது.

உரை வந்துவிட்டதால் இனி நிஜாம் தேவையில்லை என்று கருதும் வாசிப்பு, இப்னு அரபியின் தத்துவத்துக்கே மாறானது. படைப்பின் ஒவ்வொரு வடிவிலும் இறைவன் தன்னைக் காட்டிக்கொள்வதை அவர் 'தஜல்லீ' என்கிறார். பிற்காலத்தில் திமிஷ்கில், அதாவது டமாஸ்கஸில், எழுதிய 'ஃபுஸூஸுல் ஹிகம்' நூலின் இறுதி இயலிலோ, பொருளுலகின் துணையின்றி இறைவனைக் காண இயலாது என்றும், அக்காட்சிகளுள் பெண்ணிடத்துக் காண்பதே மிக நிறைவானது என்றும் வாதிடுகிறார். வாதம் ஆணின் பார்வையிலிருந்தே எழுகிறது என்பது உண்மை. ஆயினும் வடிவை விலக்கினால் காட்சியும் இல்லை என்பது அதன் உட்கிடை. இருபதாம் நூற்றாண்டில் நிஜாமைத் தெய்வ ஞானத்தின் உருவாகக் கண்டு, இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய காதலி பியாத்ரிசேயுடன் ஒப்பிட்ட பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி கோர்பனின் வாசிப்பு ஆழமானதே; ஆனால் அவ்வளவு உயரத்தில் வைக்கப்படும்போது, மக்காவில் வாழ்ந்து பேசிய அப்பெண் மீண்டும் ஒருமுறை மறைந்துபோகும் ஆபத்து உண்டு.

அவ்வாறு மறையவிடாத பகுதி ஒன்று முன்னுரையிலேயே இருக்கிறது. ஓரிரவு தவாஃப் செய்கையில், அதாவது கஅபாவை வலம்வருகையில், உள்ளத்தில் எழுந்த நான்கு பாடல்வரிகளைத் தாம் உரக்கச் சொன்னதாகவும், பட்டினும் மென்மையான கையொன்று தோளைத் தொட, ரூம் எனப்பட்ட பைசாந்திய தேசத்துப் பெண்ணொருத்தி நின்றதாகவும் இப்னு அரபி எழுதுகிறார். அவர் நிஜாம்தானா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. எவராயினும், அவர் புகழ்ச்சிக்கு மகிழ்ந்து நிற்கவில்லை. வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்து, ஒவ்வொன்றிலும் பிழை காட்டினார். காதலர் காதலில் திகைத்து நிற்பதாகக் கூறிய கடைசி வரிக்கு, காதல் ஒருவனை முழுதும் ஆட்கொண்டபின் திகைப்பதற்கு அவனிடம் எஞ்சுவது எது என்று கேட்டார். இக்கண்டனத்தைத் தம் நூலின் வாயிலிலேயே பதிந்து வைத்த இப்னு அரபி, அப்பெண்ணின் பெயரைக் கேட்டறிந்து, பின்னர் அவருடன் பழகி, ஞானத்தில் அவர் எட்டியிருந்த நிலையைத் தாம் உணர்ந்ததையும் அங்கேயே குறிப்பிடுகிறார்.